பதினாலாம் நம்பர் பஸ்ஸின் குப்பை

பஸ் டிப்போவில் அவளை எல்லோரும் இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். உத்தியோகம் என்னவோ பஸ் கூட்டிக் கழுவுவது. ஆனால் ஒரு பஸ்ஸுக்குள் ஏறி இறங்கினால் போதும், அதில் யார் யார் வந்தார்கள், என்ன தின்றார்கள், யாரோடு யார் சண்டை போட்டார்கள் என்று டிரைவருக்கே தெரியாததையெல்லாம் சொல்லிவிடுவாள். அவளுடைய அம்மா செங்கல் சுமந்தே முதுகு வளைந்தவள். அவளுடைய மகளோ இன்று பாலங்களுக்கு வரைபடம் போடும் இன்ஜினீயர். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் பாதிப் பேர் அதிர்ஷ்டம் என்பார்கள், மீதிப் பேர் தலையெழுத்து என்பார்கள். இரண்டு கட்சிக்கும் விவரம் பத்தாது. எல்லாம் குப்பையில் ஆரம்பித்தது.

மகள் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. டிப்போவுக்குப் பக்கத்திலேயே வீடு, வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், அங்கே மகள்தான் முதல் மார்க். வேறென்ன வேண்டும் என்று அவள் புருஷன் நிம்மதியாக இருந்தார். அவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஊருக்கும் அவர் பெயிண்டர்தான். இவளுக்குத்தான் கண் சும்மா இருக்கவில்லை. அவர்கள் பேட்டைக்குப் போய்வரும் பஸ்களில் சீட்டுக்கு அடியில் காலி பாட்டிலும் கிழித்துப் போட்ட லாட்டரிச் சீட்டும் கிடக்கும். நகரத்தின் மறுகோடிக்குப் போய்வரும் பதினாலாம் நம்பரில் மட்டும் பென்சில் சீவலும் ரப்பர் துணுக்கும் கணக்குப் போட்டுக் கசக்கிய தாளுமாகக் கிடக்கும். மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒருநாளும் மாறவில்லை. கடைசியில் ஒரு தாளை நீவி எடுத்துக்கொண்டு போய் மகளிடம் காட்டினாள்.

"இது எட்டாங் கிளாஸ் கணக்கும்மா," என்றாள் மகள்.

தாளின் தலைப்பில் ஆறாம் வகுப்பு என்று எழுதியிருந்தது. 

"பதினாலாம் நம்பர் போற பக்கம் குடி போயிடலாங்க," என்றாள் புருஷனிடம்.

"அங்க வாடகைய யாரு, உன் மாமனாரா குடுப்பாரு?"

"என் மாமனாருன்னா உங்க அப்பாதானே. நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

பெயிண்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பத்து நாள் அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார், ஒரு கெடுவோடு. "ஒரு வருஷம். அதுக்குள்ள புள்ள அங்க தேறலைன்னா பேசாம பழைய வீட்டுக்கே வந்துடணும்."

கிடைத்தது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். நடந்தே வேலைக்குப் போனவள் இப்போது ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். நாளெல்லாம் சீட்டைத் துடைக்கிறவளுக்கு உட்கார ஒரு சீட் இல்லையே என்று கண்டக்டர்கள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

புதுப் பள்ளியில் ஏழாம் வகுப்பின் முதல் பரீட்சை. நாற்பத்திரண்டு பேரில் மகள் நாற்பத்தொன்றாவது. நாற்பத்திரண்டாவது பரீட்சைக்கே வராத பையன்.

"பழைய ஸ்கூல்ல நான்தாம்மா ஃபர்ஸ்ட்டு," என்று அழுதாள் மகள். பெயிண்டர் காலண்டரை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. வந்தால் மலை, போனால் மயிர் என்று சொல்லிவிடலாம்தான். போவது பெற்ற பிள்ளையின் படிப்பாக இருந்தால் யாருக்கு அப்படிச் சொல்ல வாய் வரும்?

டியூஷனுக்கு வழியில்லை. பஸ்ஸில் கிடைக்கும் புத்தகம், பை, பேனா எல்லாவற்றையும் ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். கசக்கிய தாளுக்கும் அந்தச் சட்டம் உண்டா என்று டிப்போ மேனேஜரிடமே போய்க் கேட்டாள்.

"குப்பைய அள்றதுக்கெல்லாமா பர்மிஷன் கேப்பாங்க? எடுத்துட்டுப் போம்மா."

அன்றிலிருந்து பதினாலாம் நம்பரின் தாள்களை நீவி, தேதிவாரியாகக் கட்டி, மகள் முன்னால் வைத்தாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போட்ட கணக்கு, அடித்துத் திருத்திய கணக்கு, டியூஷன் வாத்தியார் சிவப்பு மையில் எழுதிய திட்டு எல்லாம் வீடு தேடி வந்தன. மகள் ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தாள்.

அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அப்பா அம்மா இருவரும் உடனே வரவேண்டும் என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

"உங்க பொண்ணு காப்பி அடிச்சிருக்கா," என்றார் கணக்கு டீச்சர். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவதை மட்டும் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். மகள் இரண்டையும் தலைகீழாக்கியிருந்தாள். "இந்தக் கிளாஸ்ல ரெண்டையும் கவுக்கறவன் ஒருத்தன்தான். அவன் உக்காரறது முதல் பெஞ்சு, இவ கடைசி பெஞ்சு. எப்படி எட்டிப் பாத்தாள்னுதான் எனக்குப் புரியல. இப்படி இருந்தா நாங்க வச்சுக்க முடியாது."

பெயிண்டர் பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மாவோ அதற்குள் எழுந்துவிட்டாள்.

"இதோ வந்துடறேன் டீச்சர்," என்று வீட்டுக்கு ஓடிப்போய், தாள் கட்டோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்து மேஜைமேல் அவிழ்த்தாள். கட்டின் நடுவே அந்தப் பையன் பெயரோடு ஒரு தாள் இருந்தது. இரண்டு பின்னமும் அழகாகக் கவிழ்ந்து கிடந்தன.

"எங்க வீட்டு வாத்தியாருங்க எல்லாம் இவங்கதான் டீச்சர். இதுல ஒருத்தரு தப்பா சொல்லிக் குடுத்துட்டாரு போல."

டீச்சர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். "தப்பைக்கூடத் தப்பில்லாம கத்துக்கிட்டிருக்கா! சரியா சொல்லிக் குடுத்தா இவ என்னதான் செய்ய மாட்டா?" அங்கேயே பத்து நிமிஷம் போர்டில் எழுதிக் காட்டினார். மகள் ஐந்து கணக்கு போட்டாள். ஐந்தும் சரி. அதற்கப்புறம் பள்ளி விட்டதும் அரை மணி நேரம் அவளை உட்காரவைத்து டீச்சரே சொல்லிக்கொடுத்தார். அந்த டீச்சர் நன்றாக இருக்க வேண்டும்.

வருஷக் கடைசிப் பரீட்சையில் மகள் பதினோராவது. இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் முதல் மார்க்கையே பார்த்துப் பழகிய பெயிண்டர் கணக்கில் பதினொன்று என்பது தேறியதா, தேறாததா? கேட்கப் பயமாக இருந்தது. பழைய வீடு காலியாகத்தான் இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று வீட்டுக்காரர் வேறு ஆள் அனுப்பியிருந்தார்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து மாடி ஏறினாள். கட்டில், பாய், பாத்திரம் எல்லாம் மொட்டை மாடி வெயிலில் கிடந்தன. மனுஷன் மூட்டை கட்டிவிட்டார் என்று நினைத்தாள். பாத்திரங்களைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே பெயிண்டர் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஊர்ச் சுவருக்கெல்லாம் அடித்தவர், காலி பண்ணப்போகிற அறைக்கு எதற்கு என்று அந்த ஒரு வருஷமும் இங்கே பிரஷ்ஷைத் தொட்டதில்லை. மகள் கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது?"

"நாளைக்கு லீவு சொல்லிடு," என்றார் அவர், திரும்பாமலே. "ரெண்டாவது கோட் அடிக்கணும். ஒழுங்கா அடிச்சா அஞ்சு வருஷம் தாங்கும். இவ காலேஜ் சேர்ற வரைக்கும் கவலையில்ல."