தினமும் மாறிய பாஸ்வேர்டு

தாராவியில் அந்தச் சந்து முழுவதற்கும் அண்ணாச்சி வீட்டிலிருந்துதான் வைஃபை. நேற்று வேலை செய்த பாஸ்வேர்டு இன்று வேலை செய்வதில்லை, எவனோ ஹேக் செய்கிறான் என்று சந்துக்காரர்கள், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என்னை அழைத்துப்போனார்கள். சலவைச் சட்டையும் விபூதியுமாக இருந்த மனிதர், எனக்கு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். யார் வந்தாலும் அப்படித்தானாம்.

வைஃபை பெட்டியின் செட்டிங்ஸைத் திறந்தேன். தினமும் காலையில் அவர் போனிலிருந்தே பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருந்தது. திடுக்கிட்டுப் போனேன்.

"அண்ணாச்சி, நீங்களா?"

"மெதுவாப் பேசும்யா. ஒரே பாஸ்வேர்டு வச்சா எவன் நம்ம வாசல மிதிக்கான்? இப்பம் கேக்கதுக்காவது வாரானுவ. ஒரு கட்டிங் சாய் குடிச்சிட்டுப் போறானுவ."

செட்டிங்ஸை அப்படியே மூடினேன்.

வெளியே வந்து சந்துக்காரர்களிடம், "பெட்டி பழசு, பாஸ்வேர்டு தானா மாறிடுது. தினமும் அண்ணாச்சிகிட்டயே கேட்டுக்கிடுங்க" என்றேன். அப்படிச் சொன்னது என் வாய்தானா என்று இன்னமும் திகைக்கிறேன்.