கோயில் வயசு, பள்ளிக்கூட வயசு

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். நர்சிங் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மிஷினிலிருந்து சூடாக வந்த காகிதத்தைக் கையில் வாங்கியதும் அந்த வாசனை அடித்தது. உங்களுக்கெல்லாம் மல்லிகையோ மழையோ பழசைக் கிளறும். எனக்கு ஜெராக்ஸ் காகிதம். நான் வாழ்ந்த லட்சணம் அப்படி.

பத்து வருஷம் என்னோடு ஒரு பச்சை ஃபைல் குடித்தனம் நடத்தியது. அதைத் தொடங்கி வைத்தவர் ஜெசி அக்கா. எங்கள் ஊர்க்காரர், ராணுவத்தில் நர்ஸ். மாதா திருவிழாவுக்கு லீவில் வந்தபோது கைப்பையிலிருந்து தன் போட்டோ ஒன்றை எடுத்துக் காட்டினார். பிறகு தருகிறேன் என்று அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சீருடை, தோளில் ரெண்டு ஸ்டார். சிப்பாய்கள் சல்யூட் அடிப்பார்களாம். நான் அப்போது டிப்ளமோ முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே வாட்ச்மேன்கூட என்னை 'ஏ பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அந்த சல்யூட் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"டிப்ளமோ பத்தாதுடி. மேல ரெண்டு வருஷம் படிச்சி டிகிரி வாங்கு. முப்பத்தஞ்சுக்குள்ள அப்ளை பண்ணிடு. கல்யாணம் மட்டும் பண்ணிக்காத" என்றார் அக்கா. அன்றைக்கு இருந்த விதி அப்படி.

ராணுவம் என்றால் ஓட வேண்டியிருக்கும் என்று நானாகவே முடிவு கட்டி, ஞாயிறு பூசை முடிந்ததும் ராஜகிரிக் கோட்டைப் படிகளில் மூச்சு வாங்க ஏறினேன். குரங்குகள் வேடிக்கை பார்த்தன. அடுத்த லீவில் வந்த அக்கா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸுக்கு எதற்கடி ஓட்டம் என்றார். அதற்குள் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்துபோயிருந்தது.

வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தேன். அம்மா பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம் கிடந்தாள். பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாளே என்று ஊரே நிம்மதிப்பட்டது. அம்மா போன பிறகு ரெண்டு வருஷம் சீட் கிடைக்கவில்லை. ஒரு வழியாக டிகிரி முடித்தபோது எனக்கு முப்பத்துநாலு. கோயில் வயசுப்படி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு நாலு வயசில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எல்லோரும் மணிலாக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுக்கப் போய்விடுவார்கள். நைனா என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார். கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் அஞ்சு வயசு என்று கணக்கு. எனக்கு எட்டவில்லை. நைனா என் காதோரம் குனிந்து, தலையைச் சாய்க்கச் சொன்னார். சாய்த்தேன், தொட்டுவிட்டேன். வாத்தியார் ஒரு வயசு கூட்டி எழுதிக்கொண்டார்.

அதைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதே இல்லை. சரியான தேதி மாதா கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழில் இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய நர்சிங் பள்ளியிலும் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்கள். பங்குச் சாமியார் முத்திரை குத்திய காகிதத்துக்கு மேல் ஒரு காகிதம் உலகத்தில் உண்டா என்ன? நைனா வருஷா வருஷம் அதைப் பத்து காப்பி எடுத்து ஃபைலில் வைப்பார்.

ராணுவ நர்ஸ் வேலைக்கு விளம்பரம் வந்த அன்று நானும் நைனாவும் நெட் சென்டருக்குப் போனோம். அந்தப் பையன் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்துப் பிறந்த தேதியை அடித்தான். சிவப்பு எழுத்தில் வயது கடந்துவிட்டது என்று வந்தது. நான் ஞானஸ்நானச் சான்றிதழை நீட்டினேன். அதிலிருந்த தேதியை அடித்ததும் அடுத்த பக்கம் திறந்துகொண்டது. தேர்வு மையம் எது வேண்டும் என்றுகூடக் கேட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இத்தெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. மார்க் ஷீட்ல இருக்கறதுதான்" என்று அவன் பக்கத்தை மூடினான்.

பிறகு விசாரித்தோம். தேதியை மாற்றுவதாக இருந்தால் பத்தாவது முடிப்பதற்குள் மாற்றியிருக்க வேண்டுமாம். திரும்பி வரும் பஸ்ஸில் நைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தலைய சாய்க்கச் சொன்னது நான்தாம்மா" என்றார். பரவாயில்லை நைனா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போது அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது.

மூணு வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த வார்டிலேயே அவரைச் சேர்த்தேன். கேஸ் ஷீட்டை நிரப்பினதும் நான்தான். வயசு என்ன எழுத என்று கேட்டேன்.

"ஒண்ணு கம்மியா போடும்மா. உனுக்கு கூட்டிட்டேன் இல்ல" என்றார்.

அவர் சொன்னபடியே எழுதினேன். நாலாம் நாள் போய்விட்டார்.

இப்போது பள்ளிக்கூடத்தில் யாரும் காதைத் தொடச் சொல்வதில்லை. நெட் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அக்கா ஓய்வு பெற்று பெங்களூரில் இருக்கிறார். போட்டோவை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதே வார்டில்தான் இருக்கிறேன். இனி எந்த விண்ணப்பத்துக்கும் எனக்கு வயசில்லை, எந்த வயசின்படியும்.

ஜெராக்ஸ் கடைக்காரர் ஃபைலின் அடியில் கிடந்த ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து, இதில் எத்தனை காப்பி என்று கேட்டார். நைனா இருந்திருந்தால் பத்து என்றிருப்பார். வேண்டாம் என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.