தோப்புக்கு இங்கிலீஷில் என்ன?

ஊரார் வயிற்றெரிச்சலைத் தமிழில் கேட்டு, அதிகாரிக்குக் கோபம் வராத இங்கிலீஷில் தட்டிக் கொடுப்பதுதான் மனு டைப்பிஸ்ட் வேலை. தட்டிப் பிழைத்தவர்களே, உங்களுக்கே தெரியும்: மனு பலித்தால் சாமி செயல், பலிக்காவிட்டால் நம் இங்கிலீஷ்.

ஃபாரஸ்ட்

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் கடை போட்டிருந்தேன். இலஞ்சி குமாரசாமி அண்ணாச்சி வந்தார். மாடு பூட்டிக் கமலை இறைத்து மாளவில்லை, தென்னையெல்லாம் காய்கிறது, பம்புசெட்டுக்குக் கரண்ட் வேண்டும் என்றார். வெறும் தோப்பு என்றால் நாலு மரம் என்று நினைத்துவிடுவார்களாம், பெரிசாகப் போடச் சொன்னார். எனக்கும் பெரிய வார்த்தை என்றால் ஆசைதான். 'ஃபாரஸ்ட்' என்று தட்டினேன்.

காட்டுக்குள் கம்பி இழுக்க வனத்துறை அனுமதி எங்கே என்று மின்சார ஆபீஸிலிருந்து பதில் வந்தது. அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னவே, என் தென்னைக்குள்ள யானையையும் சேத்தா எழுதினீரு?"

ஆர்ச்சர்ட்

காட்டை விட்டு இறங்கி வந்து, காய்க்கிற மரங்கள் நிற்கும் இடம் என்று 'ஆர்ச்சர்ட்' போட்டேன். பார்வையிட ஒருவர் வந்தார். மாவைத் தேடினார், கொய்யாவைத் தேடினார், பழமரம் ஒன்றுகூட இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "அர்ச்சனைத் தட்டுல தேங்காயும் பழமும் ஒண்ணாத்தானவே இருக்கு. ஆபீஸ்ல மட்டும் ஏன் பிரிக்கான்?"

குரோவ்

மூன்றாவதாக, சரியான வார்த்தையையே போட்டேன். தோப்புக்கு 'குரோவ்'தான், சந்தேகமே இல்லை. அதற்குத்தான் பதிலே வரவில்லை. மரங்களில் மட்டை தொங்க ஆரம்பித்தது. அண்ணாச்சி என் கடைப் பக்கம் பார்க்காமல் நடந்தபோது எனக்கு அழுகையே வந்தது.

பிறகு சாரல் விழுந்தது. சீசன் வந்தால் எந்த அதிகாரியும் குற்றாலத்துக்குக் குளிக்க வந்துதானே ஆகவேண்டும்? நம் மின்சார அதிகாரியும் தலையில் எண்ணெயோடு அருவிக்கரையில் நின்றார். குளித்து முடிக்கும்வரை அண்ணாச்சி துண்டோடு காத்திருந்து, இளநீர் குடிக்கலாம் என்று தோப்புக்குக் கூட்டி வந்துவிட்டார். முதல் காயை வெட்டிக் கொடுத்தார். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தார். கோடையில் வாடிய மரம். இன்னொன்று வெட்டினார், அதுவும் அப்படியே. ஏன் தண்ணீரே இல்லை என்று கேட்டார். அண்ணாச்சி பவ்யமாகச் சொன்னார்: "கரண்ட் வரலைல்லா, ஐயா."

சீசன் முடிவதற்குள் பம்புசெட் ஓடியது. உத்தரவில் நான் தட்டிய மூன்று வார்த்தையும் இல்லை, 'கார்டன்' என்று இருந்தது.

அதற்கப்புறம் யார் தோப்புக்கு மனு எழுத வந்தாலும், குற்றால மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டைப்ரைட்டரைத் திறப்பேன்.