மாரடேபே வேலியோரத்து நீலப்பூ

மாரடேபே என் பக்கத்து வீட்டுக்காரி. டிசம்பர் பிறந்தால் போதும், அவள் வேலியோரம் முழுக்க அகபாந்தஸ் நீல நீலமாகப் பூத்து நிற்கும். என் வேலியில் வெறும் இலைதான். இருபத்தாறு வருடம் நான் வயிறெரிந்தேன், மறைப்பானேன்.

நான் மாட்டுச் சாணம் கொட்டுவேன், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவேன். அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுத்துவிட்டு வந்து, பழுத்த இலை நாலைக் கிள்ளிப் போடுவாள். அவ்வளவுதான் பராமரிப்பு. புருஷன் சுரங்கத்து இருமலில் போனபிறகு தனியாள். வியாழக்கிழமை மாதர் ஜெபத்தில் சிவப்புச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்காருவாள். பீடத்துப் பூவும் அவளுடையதுதான், வேறு யாருடையது.

போன வருடம் என் மருமகள் பூமெஸா முழுகாமல் இருந்தாள். எங்களில் பிள்ளைத்தாய்ச்சிக்கு அகபாந்தஸ் கிழங்கை இலையோடு தகர டப்பாத் தண்ணீரில் வைத்து, அந்தத் தண்ணீரைக் கடைசி மாதங்களில் குடிக்கக் கொடுப்போம். செடி தழைத்தால் வயிற்றுப் பிள்ளை தழைக்கும். கிழங்கு தோண்டித் தருவது பெற்றவளுக்கோ மாமியாருக்கோ உள்ள உரிமை. பூமெஸா மாரடேபேயிடம் போய் வாங்கி வந்தாள்.

"அவங்க செடிதான அத்தை நல்லா பூக்குது."

"அப்ப என் வேலியில இருக்கறது கோரைப்புல்லா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பூமெஸா கிளினிக் போன நேரத்தில், டப்பாவில் இருந்த மாரடேபேயின் செடியைக் குப்பைக்குழியில் வீசிவிட்டு, என் கிழங்கை வெடுக்கென்று பிடுங்கி டப்பாவில் வைத்தேன். வேரெல்லாம் அறுந்துவிட்டது. ஐந்தாம் நாள் இலை மஞ்சளித்தது. எட்டாம் நாள் தொங்கிப்போனது.

பூமெஸா டப்பா முன்னால் உட்கார்ந்துவிட்டாள், சோறு தண்ணி இல்லை. "பிள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சு அத்தை" என்று அழுதாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. செய்ததைச் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்களே போய் அவங்ககிட்ட வேற வாங்கிட்டு வாங்க. அப்பத்தான் சாப்பிடுவேன்."

போனேன். மாரடேபேயிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நிலையிலும் என் பொறாமை வாயை மூடவில்லை.

"உனக்கு மட்டும் எப்படி இப்படிப் பூக்குது? என்ன போடற?"

"ஒண்ணும் போடல மாபேலே. தோண்டாம விட்டா, நெருக்கியடிச்சுக்கிட்டு பூக்கும். நீ எத்தனை தடவ தோண்டியிருப்ப?"

எண்ணிப் பார்த்தேன். "என் பிரசவத்துக்கு ஆறு. மகளுங்களுக்கு எட்டு."

"என் வீட்ல நான் யாருக்குடி தோண்டறது?" என்றாள். குரல் உயரவில்லை. "பூமெஸா வந்து கேட்டப்பத்தான் முதல் தடவையா மண்வெட்டிய எடுத்தேன். அன்னைக்கு முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதத்தான் நீ குப்பையில போட்டுட்ட."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள்.