கரி பஸ் முதலாளியும் சாலைப் புளியமரங்களும்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி கேஸில் ஓடின. பின்னால் ஒரு டிரம், அதற்குள் அடுப்புக்கரி. கிளீனர் விசிறிச் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, புகைக்குள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவோம். யாரும் முகம் சுளித்ததாக ஞாபகமில்லை.

நான் அப்போது ஜில்லா போர்டில் ரோடு ஓவர்சியர். கரிக்காகச் சாலைப் புளியமரங்களை ஏலம் விடப் போவதாகவும், பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வரை மரங்களுக்குத் தார் நம்பர் போடும்படியும் ஆர்டர் வந்தது.

வேலையைத் தொடங்கிய அன்று பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கியவர் முத்துசாமி. எங்கள் பகுதி போர்டு மெம்பர். அந்த பஸ்ஸுக்கும் அவர்தான் முதலாளி.

"ஏனுங்க ஓவர்சியர், எத்தன மரமுங்க?"

"அத்தனையுமுங்க. உங்க பஸ்ஸுக்குத்தானுங்களே கரி."

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "போர்டு மீட்டிங் முடியற வரைக்கும் நிறுத்தி வெய்யுங்க" என்றார்.

"எழுதிக் குடுத்தாத் தேவலைங்க."

பஸ் பானட்டின் மேல் காகிதத்தை வைத்து அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

மீட்டிங்கில் பிரசிடென்ட் கேட்டார்: "மெம்பர், கரி இல்லீன்னா மொதல்ல நிக்கறது உங்க பஸ்தானுங்களே?"

"நிக்கட்டுமுங்க. யுத்தம் முடிஞ்சா பெட்ரோல் தானா வந்துரும். இந்த மாதர மரம் வாரதுக்கு ரெண்டு தலைமொற ஆகுமுங்க."

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஏலம் கைவிடப்பட்டது.

அவருடைய மூன்று பஸ்களில் இரண்டு நின்றுபோயின. அதுவரை பஸ்ஸில் போன வெற்றிலைக் கட்டுகள் மாட்டுவண்டியில் போய், சந்தை சேர்வதற்குள் வாடின. வெற்றிலை பயிரிடும் கொடிக்கால்காரர்கள் கொதித்துப்போனார்கள். என் மாமனாருக்கும் கொடிக்கால் இருந்தது. அடுத்த தேர்தலில் முத்துசாமி தோற்றார். நானும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

தோற்ற மறுவாரம் ஆபீஸுக்கு ஒரு மனுவோடு வந்தார். ஓட்டுப் போடாதது தெரிந்து என்னைக் குறைசொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"உக்காருங்க. காத்துல நாலு மரம் உழுந்துபோச்சு. அந்த எடத்துல கன்னு வெக்கோணுமுங்க. மெம்பராக் கேக்க முடியாது, அதான் மனுவா எழுதிட்டு வந்தனுங்க."

நான்கு கன்றுகளையும் நானே முன்னின்று நட்டேன். ஓட்டு விஷயத்தை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை; மரங்களைக் காப்பாற்றியது சரி என்று எனக்கு அன்றே தெரிந்திருந்ததையும் சொல்லவில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். ஒருவர் செய்தது சரி என்று நமக்குத் தெரிந்தால், அவர் பதவியில் இருக்கும்போதே அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.