அஞ்சலை அத்தை சுற்றிய பிளாஷ்

1. நாக்கு

பிளாஷ் பல்பை மாட்டுவதற்கு முன் அதன் அடிப்பாகத்தை நாக்கால் ஒருமுறை தடவ வேண்டும். ஸ்டூடியோவில் சேர்ந்த அன்று நான் கற்றுக்கொண்ட முதல் தொழில்நுட்பம் இதுதான்.

"ஈரம் இருந்தாத்தான்டா கான்டாக்ட் புடிக்கும்" என்று தவ்கே நக்கிக் காட்டினார். தவ்கே என்றால் சீன முதலாளி; எங்கள் தவ்கே தமிழர்தான். ஆனால் மலாய் நாட்டில், எங்கள் ஊர் காஜா பெராங்கில் கடை வைத்தவர்கள் எல்லோரும் தவ்கேதான். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பல்பைத் தெரியாது. கோழிமுட்டை அளவு கண்ணாடிக்குள் நரைமுடியைச் சுருட்டி வைத்ததுபோல் மெல்லிய கம்பி இருக்கும். ஷட்டரை அமுக்கினால் ஒரே வெளிச்சம், ஒரே தடவை. பிறகு பல்பு கொப்புளித்து, தொட்டால் விரலைப் பொசுக்கும். ஒரு படத்துக்கு ஒரு பல்பு. வீணாக்கினால் தவ்கேயின் முகமும் கொப்புளிக்கும்.

அந்த பிளாஷ் கேமராவின் பக்கத்திலேயே திருகப்பட்டிருக்கும். வெளிச்சம் நேராகப் போய் முகத்தில் அறையும். அதனால் எங்கள் ஊர்க் கல்யாணப் படங்களில் மணமக்கள் எல்லோரும் சுட்ட அப்பளத்துக்குக் கண் வைத்ததுபோல் இருந்தார்கள். யாரும் குறை சொன்னதில்லை. படம் என்றால் அப்படித்தான் என்று நினைத்தார்கள்.

நான் மட்டும் நினைக்கவில்லை. காரணம், படிப்பு. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, நீளமான ஒயர் போட்டு, பக்கவாட்டில் உயரத்தில் பிடித்தால் முகம் சிலைபோல் வரும் என்று எழுதியிருந்தது. அரைகுறை ஆங்கிலத்தில் படித்தேன். அரையும் புரிந்தது, குறையும் மிச்சமிருந்தது.

2. கொழுக்கட்டைக் குடும்பம்

ரேடியோ ரிப்பேர் கடையில் ஒயரைப் பற்றவைத்து வாங்கிக்கொண்டு, ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் குடும்பத்தில் முதல் பரிசோதனையை நடத்தினேன். பல்புப் பெட்டியில் ஓர் எண் போட்டிருக்கும். தூரத்தால் அதை வகுத்தால் லென்ஸை எவ்வளவு திறக்க வேண்டும், அதாவது எந்த ஸ்டாப் வைக்க வேண்டும் என்று தெரியும். நான் கேமராவிலிருந்து தலைமையாசிரியர் வரை அடிக்கோலால் அளந்து, ஒழுங்காக வகுத்து, ஸ்டாப் வைத்தேன். பிளாஷோ அவருடைய காதுக்குப் பக்கத்தில் இருந்தது. தூரத்தைப் பல்பிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பது அந்த மிச்சக் குறையில் இருந்திருக்கிறது.

குடும்பம் மொத்தமும் வெள்ளைக் கொழுக்கட்டையாக வந்தது. தலைமையாசிரியரை மீசையை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது.

"டேய் வேலு," என்றார் தவ்கே. அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இனிமே பிளாஷு கேமராவ விட்டு எறங்குச்சுன்னா, நீயும் கடைய விட்டு எறங்கிரு. எஸ்டேட்டுல பால்மரம் காத்துக்கிட்டு இருக்கு."

ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிய என் அப்பா, மகன் டவுனில் கோட்டுப் போட்டவர்களைப் படம் எடுக்கிறான் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் ஒயரைச் சுருட்டிப் பையின் அடியில் போட்டேன். தூக்கி எறியத்தான் மனம் வரவில்லை.

3. மூக்கு

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம். ஊரில் எங்கு பார்த்தாலும் தோரணம், கூட்டம், சொற்பொழிவு. ஏதோ ஒரு கிளப்பின் கொண்டாட்டத்தைப் படம் எடுக்கத் தவ்கே பல்புகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அதே காலையில் காஜா பெராங்கில் ஒரு கல்யாணம். எனக்கு மூன்று பல்பைக் கொடுத்து, "ஜோடியா ஒரு படம் நல்லா வந்தா போதும். அது கெட்டா எங்கிட்ட வராத" என்று சொல்லிப் போனார்.

மணப்பெண் சரசு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுகிறவள். தாலி கட்டி முடிந்ததும் நான் கேமராவை நிமிர்த்தினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, எனக்கு மூக்கு இருக்கா?"

"இருக்கு, தங்கச்சி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். தீர்க்கமான மூக்கு.

"இதுவரைக்கும் ஒரு போட்டோவுலயும் வந்ததில்ல. ஸ்கூல் போட்டோவுல இல்ல, ஆஸ்பத்திரி போட்டோவுல இல்ல. நாளைக்கு இவரோட, இவரு வேலை பாக்குற பினாங்குக்குப் போயிருவேன். எங்கப்பா வீட்டுல மாட்டப்போற படத்துலயாவது மூக்கோட இருக்கணும்."

பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை அடக்கமாகச் சொன்னார்: "என் மூக்குக்குக் கவலை இல்லைங்க. அது எதுல எடுத்தாலும் வந்துரும்." உண்மைதான். அது படத்துக்குள் முதலில் வந்துவிடும், அவர் பிறகு வருவார்.

அறிவு சொன்னது: பிளாஷ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கை பைக்குள் போய் ஒயரை எடுத்துவிட்டது.

4. ஆலத்தி

பிளாஷைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஆண்கள் எல்லோரும் பந்தலுக்கு வெளியே நின்று, புது அரசாங்கத்தில் யார் யாருக்கு என்ன மந்திரி வேலை என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அருகில் நின்றவர் பெண்ணின் அத்தை அஞ்சலை. திடகாத்திரமான கை. பிளாஷை நீட்டினேன். தடிக் கைப்பிடி, அதன் தலையில் பளபளவென்று வட்டத் தட்டு, தட்டின் நடுவில் பல்பு.

"இது என்னா தம்பி, எரியுமா?"

"எரியும் அத்தை."

"சூடம் மாதிரியா?"

அவசரத்தில் இருந்தேன். "மாதிரிதான் அத்தை. ஒரே தடவ எரியும். மாப்ள பொண்ணுக்கு முன்னால பக்குவமா காட்டுங்க."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பேன். அத்தை முந்தானையை இழுத்துச் செருகி, தட்டை வானம் பார்க்க இரு கையாலும் ஏந்தி, மணமக்களுக்கு முன்னால் வலமாகச் சுற்ற ஆரம்பித்தார். பின்னாலிருந்த பெண்கள் ஆலத்திப் பாட்டை எடுத்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரரும் சேர்ந்துகொண்டார். ஒயர் மாப்பிள்ளையின் மாலையில் மாட்டி இழுத்தது. நான் பதறி ஷட்டரை அமுக்கிவிட்டேன்.

பளீர்!

பெண்கள் வரிசையாக வந்து, தட்டின் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தார்கள். முதலில் தொட்டவர் பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாள்; வீட்டில் மலாய்தான் பேசுவார். "பானாஸ்! பானாஸ்!" சுடுது, சுடுது என்று மலாயில் அலறி விரலை வாயில் வைத்துக்கொண்டார். அடுத்தவர் எட்ட நின்றே தட்டில் ஒரு காசைப் போட்டார்.

இரண்டாவது பல்பை நக்கி மாட்டினேன். "சுத்தாதீங்க அத்தை. தட்டு பொண்ணப் பாத்து இருக்கணும்." சரியென்று தலையாட்டிய அத்தை, நான் அமுக்கும் நேரம் பார்த்து, உள்ளே பற்றிக்கொண்டதா என்று தட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் கண்ணைத் திறந்தது யார் என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, சாமி தெரியுது!"

"அத்த, அது போட்டோக்கார அண்ணன்!" சரசு சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி இடம் மாறியது.

ஒரே ஒரு பல்பு. நான் ஒயரைக் கழற்றத் தொடங்கினேன். அப்பளம் என்றாலும் படம் படம்தானே.

"கழட்டாதீங்க" என்றாள் சரசு. "அத்தயால சும்மா நிக்க முடியாது. அவங்க கை கல்யாணத்துக்குக் கல்யாணம் சுத்துன கை. சுத்தட்டும். தட்ட மட்டும் எங்க பக்கம் திருப்பிக் குடுங்க. கை மேல வர்றப்போ நீங்க அமுக்குங்க."

பத்திரிகையில் இந்த முறை இல்லை. அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, படத்தில் விழாதபடி பக்கவாட்டில் நின்றார். இந்தமுறை பல்பிலிருந்து சரசுவின் முகம் வரை அடிக்கோலால் அளந்து, வகுத்து, ஸ்டாப்பை வைத்தேன். பாட்டு எழுந்தது. அத்தையின் கை கீழே போனது, வலப்பக்கம் வந்தது, மேலேறியது. ஆலத்தி சுற்றுபவரின் கை உச்சியில் ஒரு கணம் தயங்கும் என்று அன்றுதான் பார்த்தேன். இரண்டு சுற்றுக்கு அந்தத் தயக்கத்தைப் பழகிக்கொண்டு, மூன்றாவதில் அமுக்கினேன்.

5. டார்க் ரூம்

தவ்கே நெகட்டிவ்களைச் சிவப்பு விளக்குக்கு முன் பிடித்தார். முதலாவதில் பந்தல் கூரை மிகத் தெளிவாக வந்திருந்தது. இரண்டாவதில் அஞ்சலை அத்தையின் முதுகு, அதைச் சுற்றி ஒளிவட்டம்.

"மூட்டைய கட்டிட்டியா?" என்றார்.

"கட்டிட்டேன், தவ்கே." நிஜமாகவே கட்டியிருந்தேன்.

மூன்றாவதை எடுத்தார். தாளில் பிரிண்ட் போட்டு, தட்டில் மருந்தை ஆட்டினார். வெள்ளைத் தாளில் முதலில் மாப்பிள்ளையின் மூக்கு வந்தது, எதிர்பார்த்ததுதான். பிறகு சரசு வந்தாள். கன்னத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல், நடுவில் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்ற முகம், அதில் குறையொன்றுமில்லாத மூக்கு. தலை சுற்றியது. மருந்து வாடை என்றுதான் தவ்கேயிடம் சொன்னேன்.

"எப்படிடா?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நம்பாமல் ஒரு பார்வை பார்த்தார். மூட்டையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

இத்தனை வருடத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான், தம்பிகளே: வெளிச்சம் நம் மூக்குக்கு நேராகப் புறப்பட்டால் எதிரில் இருப்பவரின் மூக்கு தெரியாது. அதைக் கொஞ்சம் தள்ளி, இன்னொருவர் கையில் கொடுங்கள். தூரத்தைப் பல்பிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

அடுத்த கல்யாணத்துக்குத் தவ்கே என்னோடு வந்தார். கேமராவை என்னிடம் தந்துவிட்டு, பிளாஷைத் தானே வாங்கிக்கொண்டார். மணமக்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, வேட்டியை இறுக்கி, பார்ப்பவர் வாய் பிளக்க, வலமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

"என்னடா பாக்குற?" என்றார். "பாடச் சொல்லு!"