கையை இறக்கும் நேரம்

இத்தாலியின் பலெர்மோவில் கை சும்மா இருக்கும் மனிதரை நான் கண்டதில்லை. வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்பவன் வாயைத் திறக்காமலே விலை சொல்லி, சண்டை பிடித்து, சமாதானமும் ஆகிவிடுவான். அந்தக் கைப்பேச்சு ஊர் முழுக்க விளங்கும். உதைபந்தாட்ட நடுவர்களின் கை மட்டும் ஆளுக்கொரு மாதிரி. எனக்கு அது பொறுக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் சின்யோரா என்று நான் கூப்பிடும் ஒரு பணக்கார அம்மாவின் வீட்டைக் கூட்டித் துடைப்பது என் வேலை. வியாழன் பின்னேரம் லீவு. அந்த நேரத்தில் மாதா கோவில் மைதானத்தில் உயர்பள்ளி மாணவர்களுக்குப் போட்டிகள் நடக்கும். மன்னாரில் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு நான் விசில் ஊதியவன் என்று கேள்விப்பட்ட பங்குத்தந்தை என்னையும் சேர்த்துக்கொண்டார். என்னோடு ஓர் உடற்பயிற்சி ஆசிரியரும் ஒரு வங்கி எழுத்தரும். மூவரும் மாறி மாறி நடுவராகவும் எல்லைக்கோட்டில் கொடியோடும் நிற்போம்.

என் இத்தாலியன் அரைகுறை. மைதானத்தில் கைதான் எனக்கு வாய். அதனால் கையில் பிழை விடமாட்டேன். நேரே கோலுக்குள் அடித்தால் செல்லாத ஓர் உதை இருக்கிறது. பந்து இன்னொரு ஆட்டக்காரரில் பட்டுப் போக வேண்டும். அதைக் கொடுக்கும் நடுவர் கையைத் தலைக்கு மேல் தூக்கி, பந்து அப்படிப் படும்வரை இறக்காமல் நிற்க வேண்டும். ஆசிரியர் தூக்கவே மாட்டார். எழுத்தர் ஈ ஓட்டுவதுபோல ஒருதரம் காட்டிவிட்டுத் தலையைச் சொறிவார். மூவரும் ஒன்றுபோலக் காட்டுவோம் என்று கேட்டேன். பையன்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஆசிரியர் சிரித்தார்.

இறுதிப் போட்டியை எனக்குத் தருவதாகப் பங்குத்தந்தை சொல்லியிருந்தார். வாளியும் துடைப்பமும் இல்லாமல் அந்த ஊரின் நடுவில் நான் நிற்கப்போகும் நாள். ஆசை இல்லை என்றால் அது பொய்.

அரையிறுதியில் என் விசில். அப்படியோர் உதையைக் கொடுத்து, கையைத் தூக்கினேன். ஒருவன் நேரே கோலுக்குள் அடித்தான். ஒருவரிலும் படவில்லை. கோல் இல்லை என்று காட்டினேன். எல்லைக்கோட்டில் நின்ற ஆசிரியரோ கோல் என்று கொடியோடு நடுக்கோட்டை நோக்கி ஓடினார்! போன வியாழன் இவர் இதே உதையைக் கோல் என்றாரே, இன்று ஏன் இல்லை என்று அடித்தவன் என்னைக் கேட்டான். அவன் கோபம் நியாயமானது. பங்குத்தந்தை உள்ளே வந்தார். சண்டை வேண்டாம், கோலைக் கொடு, இல்லாவிட்டால் இறுதிப் போட்டியை மறந்துவிடு என்று காதோடு சொன்னார். நான் கொடுக்கவில்லை.

"அந்த ரெண்டு பேரும் காட்டுற மாதிரிக் காட்டினால் என்ன குறைஞ்சு போகுது?" என்றாள் மனைவி, அன்று இரவு வீட்டில்.

"ஆளுக்கொரு கை எண்டால் பொடியள் ஆரைப் பாத்து விளையாடுறது?"

"உங்களுக்கு வீம்பு."

"ஓம், வீம்புதான்."

இறுதிப் போட்டிக்கு ஆசிரியர் நடுவர். எனக்குக் கொடி. ஆனாலும் போனேன். இரண்டாம் பாதியில் அதே வகை உதையை ஆசிரியர் கொடுத்தார். வழக்கம்போல இரண்டு கையும் இடுப்பில். அடிக்க வேண்டியவன் பந்தை வைத்துவிட்டுச் சும்மா நின்றான்.

"கை எங்கே?" என்று ஒருவன் கத்தினான். எதிரணியும் சேர்ந்து கத்தியது.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவருடைய கை மெல்ல மேலே போனது. அடிக்கிறவன் ஓடி வந்தான். பழக்கதோஷம், ஆசிரியர் பாதியில் கையை இறக்கினார். ஓடி வந்தவன் பந்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். அவர் மறுபடி தூக்கும்வரை அவன் அடிக்கவில்லை.